உங்களுக்குப் பின் யார்?



நான் இங்கே சொல்லப்போகும் மனிதர் எந்த ஓர் ஊருக்கும் உரியவரல்லர். நம்முடைய பல ஊர்களிலும் கண்ட பலரைச் சேர்த்து மனதில் வரைந்துகொண்ட ஒருவர். ஆனாலும் வாசிக்கும்போது உங்களுக்கு ஒரு முகம் ஞாபகத்திற்கு வரும்.

அவர் ஒரு சிறு கோயிலின் மூப்பர். விடியற்காலையில் மணி அடிப்பவர் அவர். மாலையில் செபமாலையைத் தொடங்குபவரும் அவரே. கோயில் திறப்பு அவருடைய மடியில் இருக்கும். திருவிழாக் கணக்கு அவருடைய கொப்பியில் இருக்கும். மாதத்தில் இருமுறை பூசை வைக்க வரும் சுவாமியாருக்குச் சாப்பாடு ஒழுங்கு செய்பவரும், மரித்தவர் வீட்டிற்கு முதலில் ஓடிச்சென்று செபம் சொல்பவரும், முதல் நன்மைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்குச் செபங்களைப் படிப்பிப்பவரும் அவரே. இருபத்தைந்து வருடங்களாக இப்படியே நடந்து வருகிறது. கோயிற் பணத்தில் ஒரு சதமும் தவறியதில்லை. ஊரார் அவரைப்பற்றிப் பெருமையாகச் சொல்வது இதுதான்: “அவர் இல்லாவிட்டால் எங்கள் கோயில் இல்லை.”

ஒரு நாள் அவர் பாரிசவாதத்தால் படுக்கையில் விழுந்துவிடுகிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் திறக்கப்படவில்லை. இன்னொரு திறப்பு இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது. அந்தக் கிழமையில் ஒரு மரணம் நிகழ்கிறது. சுவாமியார் வந்து சேரும்வரை செபம் சொல்வதற்கு ஒருவரும் முன்வரவில்லை. மனமில்லாமலன்று, ஒருவரும் ஒருநாளாவது சொல்லிப் பழகவில்லை. ஊரார் முன்பு பெருமையாகச் சொன்ன வார்த்தை அப்படியே பலித்துவிட்டது.

இந்த மூப்பர் நல்லவரா என்று கேட்டால், நல்லவர்தாம். அதில் ஐயமில்லை. அவர் செய்தது நல்லதா என்று கேட்டால்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரே மறுமொழிதான் என்று நாம் நினைத்துவிடுகிறோம். அப்படியல்ல என்பதையே இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

மோயீசனுக்கு மாமனார் சொன்ன புத்தி

யாத்திராகமத்தின் பதினெட்டாம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். மோயீசன் காலை தொடங்கி மாலை வரை மக்களுக்கு நியாயம் தீர்த்துக்கொண்டு இருக்கிறார். மக்கள் அவரைச் சூழ்ந்து வரிசையாக நிற்கிறார்கள். மருமகனைப் பார்க்க வந்த மாமனார் எத்திரோ இதைக் காண்கிறார். மருமகன் எவ்வளவு உழைக்கிறார் என்று அவர் மெச்சவில்லை. இது நல்லதன்று என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார்.

இதில் ஒரு விஷயத்தை நாம் கவனிக்க வேண்டும். மோயீசன் களைத்துப்போவார் என்பதோடு அவர் நிறுத்தவில்லை. மக்களும் களைத்துப்போவார்கள் என்கிறார். ஒருவரே எல்லாவற்றையும் செய்யும்போது அவருக்கு மாத்திரம் பாரம் என்று நாம் எண்ணுகிறோம். வரிசையில் நாள் முழுவதும் நிற்கும் மக்களின் கால்களை எத்திரோ பார்த்தார். காத்திருந்து பழகிய மக்கள் கடைசியில் தாமாக ஒன்றும் செய்ய முடியாத மக்களாகிவிடுவார்கள். ஆகையால் ஆயிரம் பேருக்கும், நூறு பேருக்கும், ஐம்பது பேருக்கும், பத்துப் பேருக்கும் தலைவர்களை ஏற்படுத்தச் சொன்னார். அதற்கும் முன்னதாக மக்களுக்குக் கட்டளைகளையும் நடக்கவேண்டிய வழியையும் படிப்பிக்கச் சொன்னார். படிப்பித்தல் முதலில், பதவி பின்னால். இந்த ஒழுங்கை நாம் பலமுறை மாற்றிவிடுகிறோம். முதலில் பதவியைக் கொடுக்கிறோம். பிறகு ‘அவருக்கு ஒன்றும் தெரியாது’ என்று குறை சொல்கிறோம்.

நம் முன்னோர் கண்ட வழி

வேதாகமத்தோடு நின்றுவிடாமல் நம்முடைய மண்ணுக்கே வருவோம். 1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பதும் பாரிய குற்றமாக்கப்பட்டது. யோசவ்வாஸ் அடிகளார் 1687 இல் கூலியாள் வேடத்தில் இங்கு வந்து சேரும்வரை ஏறக்குறைய முப்பது வருடங்கள் வடபகுதி விசுவாசிகளுக்குக் குருவானவர் இல்லை. ஒரு தலைமுறை முழுவதும் பூசை காணாமல் வளர்ந்தது. பலர் வெளிப்படையாக ஆட்சியாளரின் சமயத்தோடு சேர்ந்துகொண்டார்கள். ஆயினும் நெருப்பு முற்றாக அணைந்துவிடவில்லை. கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு அடிகளார் வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றபோது, அந்தச் செபமாலையை அடையாளம் கண்டுகொண்டவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் யார்? எந்தக் குருவும் அல்லர். ஒரு தாய், ஒரு பாட்டன், அயல்வீட்டில் செபம் தெரிந்த ஒருவர்.

அடிகளார் சில்லாலையைத் தமது உறைவிடமாகக் கொண்டு யாழ்ப்பாணத்தில் இரகசியமாகப் பணி செய்தார். பின்னர் புத்தளம் சென்றார். கண்டி இராச்சியத்தில் சிறையிலும் இருந்தார். முதற் பத்து ஆண்டுகளில் பெரும்பகுதியும் இந்தத் தீவு முழுவதற்கும் அவர் ஒருவரே குரு. எங்கும் தாமே இருக்க முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகையால் ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தினார். மூப்பர் கோயிலையும் சபையையும் பொறுப்பேற்றார். அண்ணாவியார் ஞாயிற்றுக்கிழமைகளில் மக்களைக் கூட்டிச் செபம் சொன்னார். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பித்தார். ஆபத்து வேளையில் ஞானஸ்நானமும் கொடுத்தார். 1705 இல் இங்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்களை எழுதிக் குவித்தார். குரு இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் சபையார் முன் வாசிப்பதற்கு அண்ணாவிமாரிடம் அவை இருந்தன.

யோசவ்வாஸ் அடிகளார் 1711 ஆம் ஆண்டு ஜனவரி 16 ஆம் திகதி கண்டியில் மரித்தார். அவரோடு திருச்சபை மரிக்கவில்லை. 1995 இல் அவர் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 ஜனவரி 14 ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் புனிதராகவும் பிரகடனஞ் செய்யப்பட்டபோது நாம் மகிழ்ந்தோம். அவருடைய தவத்தையும் துணிவையும் புகழ்ந்தோம். அவர் ஏற்படுத்திய பெயர் தெரியாத அண்ணாவிமாரை அன்று எத்தனை பேர் நினைத்தோம்? அடிகளாரின் புனிதத்தில் ஒரு பங்கு, தாம் இல்லாத இடத்திலும் சபை நடக்க வேண்டும் என்று அவர் நினைத்ததிலேயே இருக்கிறது.

அண்ணாவியார் என்ற சொல்

அண்ணாவியார் என்ற அந்தச் சொல்லை இன்று நாம் நாட்டுக்கூத்தோடுதான் அதிகம் சேர்த்து நினைக்கிறோம். அதுவும் பொருத்தமே. எஸ்தாக்கியார் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரைப் பாருங்கள். இராசாவின் பாட்டு அவருக்குத் தெரியும்; இராணியின் பாட்டும் தெரியும்; சேவகனின் அடியும் தெரியும். எல்லாவற்றையும் அவரே ஆடினால் ஒரு பிழையும் வராது. ஆனால் அது கூத்தாகாது. ஆகையால் மீன்பிடித் தொழிலாளியைப் பிடித்து இராசாவாக்குகிறார். குரலே எழாத பையனைச் சேவகனாக்குகிறார். மாதக்கணக்காக இரவு இரவாகப் பழக்குகிறார். கோபிக்கிறார், திருத்துகிறார், மறுபடியும் பாடச் சொல்கிறார். அரங்கேற்றத்தன்று வெளிச்சம் முழுவதும் ஆடுபவன் மேல் விழுகிறது. அண்ணாவியார் ஒரு பக்கத்தில் நின்று தாளம் போடுகிறார். பாட்டை மறந்தவனுக்கு அடி எடுத்துக் கொடுக்கிறார்.

ஒரு பங்கின் தலைவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உவமையை நான் தேட வேண்டியதில்லை.

“அவனிடம் விட்டால் பிழைத்துப்போகும்”

இந்த இடத்தில் நீங்கள் ஒரு தடையைச் சொல்வீர்கள். நியாயமான தடைதான். “பழகாதவனிடம் பொறுப்பைக் கொடுத்தால் பிழைத்துப்போகும். அவன் பழகுவதற்காகச் சபை ஏன் நட்டப்பட வேண்டும்?”

பிழைத்துப்போகும் என்பது உண்மை. சரித்திரத்திலும் அதற்குச் சான்று உண்டு. கொரியா நாட்டில் திருச்சபையைத் தொடக்கியவர்கள் குருக்கள் அல்லர், பொதுநிலையினர். யி சுங்-ஹூன் என்பவர் 1784 இல் பீக்கிங் நகரில் ஞானஸ்நானம் பெற்று ஊர் திரும்பித் தம் நண்பர்களுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார். அவர்கள் ஆர்வமிகுதியால் தங்களுள் சிலரைத் தாங்களே குருக்களாக நியமித்து, பூசையும் பாவசங்கீர்த்தனமும் நடத்தத் தொடங்கிவிட்டார்கள். இது பெரும் பிழை. குருத்துவம் நாமாக எடுத்துக்கொள்ளும் பதவியன்று. ஆனால் பின்பு நடந்ததையும் பாருங்கள். அவர்களுக்கே ஐயம் எழுந்தது. பீக்கிங் ஆயருக்கு ஆள் அனுப்பிக் கேட்டார்கள். நிறுத்துங்கள் என்று மறுமொழி வந்தது. நிறுத்திவிட்டார்கள். செபிப்பதையும் படிப்பிப்பதையும் மட்டும் நிறுத்தவில்லை. 1794 இன் முடிவில் சௌ வென்மோ என்ற சீனக் குருவானவர் அந்நாட்டிற்குள் புகுந்தபோது ஏறக்குறைய நாலாயிரம் விசுவாசிகள் அவருக்காகக் காத்திருந்தார்கள்.

பிழை செய்தவர்கள் கேட்டுத் திருந்தினார்கள். பிழை செய்யும் வாய்ப்பே கொடுக்கப்படாதவர்கள் எதைக் கேட்பார்கள்? எதில் திருந்துவார்கள்?

ஆனாலும் தடையை இதோடு தள்ளிவிட முடியாது. எந்தப் பிழையைப் பொறுக்கலாம், எந்தப் பிழையைப் பொறுக்கக் கூடாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வாசகம் வாசிப்பவர் தடுமாறலாம். பாட்டுச் சுருதி தப்பலாம். கூட்டம் நடத்துபவர் நேரத்தைத் தவறவிடலாம். மரண வீட்டில் செபம் சொல்பவர் ஒரு வரியை மறக்கலாம். இவையெல்லாம் அடுத்த கிழமை திருத்தக்கூடியவை. இவற்றை இளையவரிடம் இன்றைக்கே கொடுத்துவிடலாம், கொடுக்க வேண்டும்.

திருத்த முடியாத பிழைகளும் உண்டு. ஏழையின் காணிக்கைப் பணம் காணாமற் போவது. நம்பி ஒருவர் சொன்ன குடும்ப விஷயம் ஊருக்குள் பரவுவது. பொறுப்பில் விடப்பட்ட ஒரு பிள்ளைக்குத் தீங்கு நேர்வது. இவற்றில் பழகாதவரைத் தனியே விடுவது பாவம். பழகியவரைத் தனியே விடுவதும் விவேகமன்று. பணத்தை இருவர் எண்ண வேண்டும். கணக்கைச் சபை முன் வாசிக்க வேண்டும். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பொறுப்பான இருவர் இருக்க வேண்டும். நம்முடைய மூப்பர் ஒரு சதமும் தவறவிடவில்லை என்றேன். அது அவருடைய நேர்மைக்குச் சாட்சி. ஆனால் அந்த நேர்மையை வேறு எவரும் பார்த்துச் சரிபிழை சொல்ல வழி இருக்கவில்லை. அவருக்குப் பின் வருபவர் அவ்வளவு நேர்மையானவராக இல்லாவிட்டால், அவரைத் தடுக்க அந்தச் சபையில் ஒரு பழக்கமும் இருக்காது.

யாரைத் தெரிந்தெடுப்பது?

இனி இன்னும் நோகக்கூடிய ஒரு கேள்வி. பயிற்சி கொடுப்போம் என்கிறோம், யாருக்கு?

அப்போஸ்தலர் பணியின் ஆறாம் அதிகாரத்தில் முதற் சபையில் ஒரு முறுமுறுப்பு எழுகிறது. கிரேக்க மொழி பேசியவர்களின் விதவைகள் அன்றாடப் பகிர்வில் கவனிக்கப்படவில்லை. அப்போஸ்தலர்கள் முறுமுறுத்தவர்களை அதட்டி அடக்கவில்லை. எல்லா அலுவலையும் தாங்களே பார்ப்போம் என்றும் சொல்லவில்லை. நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும்படி சபையிடமே விட்டார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களையும் வாசித்துப் பாருங்கள். எஸ்தேவான் தொடங்கி நிக்கொலா வரை ஏழும் கிரேக்கப் பெயர்கள். புறக்கணிக்கப்பட்டவர்களின் பக்கத்திலிருந்தே பந்திக்குப் பொறுப்பானவர்கள் வந்தார்கள் என்று இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்ளலாம்.

இதை நம் ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். மூப்பர் பதவி இன்னின்ன குடும்பத்துக்கே உரியது என்ற எண்ணம் நம்மிடம் முற்றாக நீங்கிவிட்டதா? சுற்றுப்பிரகாரத்தில் சொரூபம் தூக்குவதிலும், கோயிலில் இடம்பிடிப்பதிலும் சாதி பார்த்த காலங்கள் நம் வரலாற்றில் உண்டு. அதை மறைப்பதால் பயனில்லை. இன்று வெளிப்படையாகச் சொல்ல வெட்கப்படுகிறோம். ஆனால் பங்குச் சபைக்குப் பெயர் எழுதும்போது பேனா எங்கே நிற்கிறது என்பதை நாமே கவனித்தால் போதும். பயிற்சிக்குப் பெயர் கொடுக்கும்போதும் பேசத் தெரிந்தவன், வெள்ளை உடுப்பு உடுத்தவன், வெளிநாட்டிலிருந்து பணம் வரும் வீட்டுப் பிள்ளை என்று பார்க்கிறோம். ஞாயிறு மறைப்பாடசாலையின் பாரத்தைப் பெண்கள் சுமப்பதைப் பல பங்குகளில் காண்கிறோம். தீர்மானம் எடுக்கும் மேசையில் அவர்களுக்கு எத்தனை கதிரை?

தலைமைத்துவப் பயிற்சி என்ற பெயரில் முன்பே தலைவராக இருப்பவர்களை மேலும் பலப்படுத்துவதானால், அது சபையின் வளர்ச்சியன்று. குரலில்லாதவருக்குக் குரல் பிறந்தால்தான் சபை வளர்ந்தது என்று சொல்லலாம்.

பயிற்சி என்பது என்ன?

இரண்டு நாட் கருத்தரங்கு, மதியச் சாப்பாடு, முடிவில் ஒரு சான்றிதழ், ஒரு குழுப்படம். இதைப் பயிற்சி என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். கருத்தரங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீச்சலைக் கரும்பலகையில் படிப்பிக்க முடியாது என்பதைக் கடற்கரையில் வாழும் நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆண்டவர் தம் சீடர்களைப் பழக்கிய விதத்தைப் பாருங்கள். முதலில் அவர்களைத் தம்மோடு வைத்துக்கொண்டார். அவர்கள் எல்லாவற்றையும் விளங்கிக்கொள்ளும் முன்பே இருவர் இருவராக அனுப்பினார். திரும்பி வந்து, செய்ததையும் போதித்ததையும் அவரிடம் சொன்னார்கள். பிசாசு பிடித்த ஒரு பிள்ளையை அவர்களால் குணமாக்க முடியாமற்போனபோது, கூட்டத்தின் முன் அவமானப்படுத்தாமல், வீட்டிற்குள் வந்தபின் காரணத்தைச் சொன்னார். மூன்று வருடங்களின் பின் தாம் போவது அவர்களுக்கு நல்லது என்றும் சொன்னார். உலகத்தில் எந்தத் தலைவனும் எளிதில் சொல்லாத வார்த்தை அது. ‘நான் இருப்பதுதான் உங்களுக்கு நல்லது’ என்றே நாமெல்லாரும் சொல்கிறோம்.

சின்னப்பர் திமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்திலும் இதே ஒழுங்கைக் காணலாம். தம்மிடம் கேட்டதை, பிறருக்கும் படிப்பிக்கக்கூடிய நம்பிக்கையுள்ளவர்களிடம் ஒப்படைக்கும்படி அவர் திமோத்தேயுவைக் கேட்கிறார். சின்னப்பர், திமோத்தேயு, நம்பிக்கையுள்ள மனிதர், அவர்களிடம் படிக்கப்போகும் பிறர் என்று ஒரே வசனத்தில் நான்கு தலைமுறைகள். ஒரு தலைவரின் பயிற்சி பலித்ததா என்பதை அவருடைய மாணவரைப் பார்த்து அறிய முடியாது. மாணவரின் மாணவரைப் பார்த்தே அறிய வேண்டும்.

திருச்சபையும் இந்த வழியில் நமக்குக் கதவுகளைத் திறந்திருக்கிறது. 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் அப்போஸ்தலப் பணிக்கென்றே ஒரு தனி ஏட்டை வெளியிட்டது. 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் ஒவ்வொரு பங்கிலும் பொருளாதார அலுவல்களுக்கு ஒரு குழு இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. ஆயர் தகுந்ததெனக் கண்டால் மேய்ப்புப் பணிச் சபை அமைக்கவும் வழி செய்தது. 1990 இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் கூடிய ஆசிய ஆயர்கள், சிறு சிறு சமூகங்களின் ஒன்றிப்பாக விளங்கும் திருச்சபையைப் பற்றிப் பேசினார்கள். அவ்வாறான சமூகங்களில் ஏழு படிகளாகச் சுவிசேஷத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறை தென்னாபிரிக்காவின் லும்கோ நிலையத்திலிருந்து ஆசியாவுக்கும் பரவியது. அங்கே வழிநடத்துபவர் பிரசங்கம் செய்வதில்லை. வசனத்தை வாசிக்கச் செய்கிறார்; மௌனத்துக்கு இடம் விடுகிறார்; மற்றவர்கள் பேசுவதைக் கேட்கிறார். 2021 இல் பாப்பரசர் பிரான்சிஸ் வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்கும் திறந்துவிட்டார். அதே ஆண்டு மே மாதத்தில் மறையாசிரியர் பணியைத் திருச்சபையின் ஒரு திருப்பணியாக நிலைநாட்டினார்.

சட்டங்களும் ஏடுகளும் கதவைத் திறக்கும். உள்ளே அழைப்பது உள்ளே இருப்பவரின் வேலை.

விடுவதும் கைவிடுவதும்

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். பொறுப்பைக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிப் பாயை விரித்துப் படுப்பது பயிற்சியன்று. “அவர்கள் பார்க்கட்டும்” என்ற சொல்லில் சில வேளை சோம்பலும், சில வேளை ‘விழுந்தால் தெரியும்’ என்ற வன்மமும் ஒளிந்திருக்கும். பொறுப்பை விடுவதற்கும் ஆளைக் கைவிடுவதற்கும் வேறுபாடு உண்டு. தோணியின் தண்டையல் இளைஞனிடம் சுக்கானைக் கொடுக்கிறார். ஆனால் தோணியை விட்டு இறங்குவதில்லை. வெள்ளியைப் பார்த்துத் திசை சொல்லக் கேட்கிறார். பிழையாகச் சொன்னால் ஏன் பிழை என்று காட்டுகிறார். காற்று மாறும்போது பக்கத்தில் வந்து நிற்கிறார்.

கொடுப்பவருக்கு இதில் ஒரு நோவு உண்டு. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தான் இல்லாமலும் காரியம் நடக்கிறது என்று காண்பது எல்லாருக்கும் எளிதன்று. இளையவன் வாசித்த வாசகத்தை ஊரார் மெச்சும்போது, இருபத்தைந்து வருடம் வாசித்த நெஞ்சில் ஒரு சிறு முள் குத்தும். பாளையத்தில் இருவர் தீர்க்கதரிசனம் சொன்னபோது, அவர்களைத் தடுக்கும்படி யோசுவா மோயீசனிடம் கேட்டதை எண்ணாகமத்தில் வாசிக்கிறோம். என்பொருட்டு நீ பொறாமைப்படுகிறாயா என்று மோயீசன் கேட்டார். மக்கள் எல்லாருமே அப்படி ஆனால் நல்லது என்று விரும்பினார். எத்திரோவின் புத்தியைக் கேட்ட மனிதர் எவ்வளவு வளர்ந்துவிட்டார் என்பதை அந்த இடத்தில் காணலாம். அந்த முள்ளைப் பொறுத்துக்கொள்வதே தலைவருக்குரிய தபசு என்பேன். வெள்ளிக்கிழமை உபவாசத்தைவிட அது கடினமானது.

இது ஏன் அவசரம்?

நம் சமூகம் கண்ட நாட்களை நினைத்துப் பாருங்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் ஓர் இரவில் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். பாடசாலை மண்டபங்களிலும் மரநிழல்களிலும் தங்கினார்கள். அங்கே செபம் சொல்ல வேண்டிய வேளையில் பதவியுள்ளவரைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? தெரிந்தவர் தொடங்க வேண்டும். மற்றவர்கள் சேர்ந்துகொள்ள வேண்டும். அன்றைக்கு ஒரு சபையின் பலம், அதனுள் செபிக்கவும் தேற்றவும் பகிரவும் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்பதிலேயே இருந்தது. அந்தத் தொகையை ஆபத்து வந்த அன்று கூட்ட முடியாது. அமைதியான நாட்களில் கூட்டி வைத்திருக்க வேண்டும்.

இன்று துப்பாக்கிச் சத்தம் இல்லை. ஆனால் பிள்ளைகள் வெளிநாடு போகிறார்கள். பல வீடுகளில் முதியவர்கள் மாத்திரம் இருக்கிறார்கள். பாட்டுக்குழுவைப் பழக்கியவர் அடுத்த மாதம் கனடாவில் இருப்பார். அவர் போகும்போது பாட்டுக் கொப்பியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்? இது சிறிய கேள்வி போலத் தோன்றும். முப்பது வருடம் குரு இல்லாமற்போன நாட்களில் நம் முன்னோரைக் காப்பாற்றியது இதே கேள்விக்குக் கிடைத்த மறுமொழிதான்.

ஆகையால் வாசகரே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் மூப்பராக இருக்கலாம், மரியாயின் சேனையிலோ வின்சென்ட் டி போல் சபையிலோ பொறுப்பு வகிக்கலாம், மறைப்பாடசாலையில் படிப்பிக்கலாம், அல்லது வீட்டில் ஒவ்வொரு இரவும் செபமாலையைத் தொடங்கும் தாயாக இருக்கலாம். நீங்கள் செய்யும் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, நாளைக்கு நீங்கள் இல்லாவிட்டால் அதைச் செய்யக்கூடிய ஒருவரின் பெயரை எழுதுங்கள். பெயர் எழுத முடியாத இடங்களைப் பார்த்துப் பெருமைப்படாதீர்கள். அவைதான் நீங்கள் சபைக்குச் செலுத்தவேண்டிய கடன்.

அந்தக் கடனை இன்றிரவே செலுத்தத் தொடங்கலாம். செபமாலையின் முதற் காரணிக்கத்தை வீட்டில் இளைய பிள்ளையிடம் கொடுங்கள். தடுமாறும். அருள்நிறை மந்திரத்தை ஒன்பதோடு நிறுத்திவிடும், அல்லது பதினொன்றுக்குப் போய்விடும். சிரிக்காதீர்கள், பிடுங்கிக்கொள்ளவும் வேண்டாம். பக்கத்தில் இருந்து மெதுவாக அடி எடுத்துக் கொடுங்கள்.